அழுத்தினால் மூடும்... இழுத்தால் திறக்காது! விஷ டப்பா மூடிக்குள் ஒளிந்திருக்கும் சூட்சுமம்

பூச்சி மருந்து வாங்கும்போது விலையைப் பார்ப்போம், காலாவதி தேதியைப் பார்ப்போம். மூடியைப் பார்ப்பவர்கள் குறைவு. ‘இந்த மூடியைத் திறக்கறதுக்குள்ள விரல் தேஞ்சு போகுது’ என்று அலுத்துக்கொள்வதோடு சரி. ஆனால், வீட்டுத் திண்ணையில் ஒரு டப்பா உருண்டு விழும்போது உள்ளே இருப்பது உள்ளேயே இருக்குமா, குழந்தையின் கைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த மூடிதான்.

ஆபத்தான சரக்குகளுக்கான மூடிகளில் பொதுவாக இரண்டு ரகம் உண்டு. தண்ணீர் போல ஓடும் மருந்துக்குத் திருகு மூடி. தூள், குருணை போன்றவற்றை அடைக்கும் பக்கெட்டுக்கு, அழுத்தினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும் மூடி. பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த அழுத்து மூடியில்தான் வேலைப்பாடு அதிகம்.

பக்கெட்டின் வாய் விளிம்பு வெளிப்பக்கம் கொஞ்சம் துருத்தியிருக்கும். மூடியின் உட்புறம் வளையம் போல ஒரு மேடு ஓடும். அந்த மேட்டின் கீழ்ப்பக்கம் சரிவாகவும், மேல்பக்கம் ஏறக்குறைய நிமிர்ந்தும் இருக்கும். அழுத்தும்போது சரிவு வழியாக வழுக்கி இறங்கிவிடுகிறது. மேலே இழுத்தால் நிமிர்ந்த பக்கம் விளிம்பில் முட்டிக்கொள்கிறது. மீன் பிடிக்கும் கூட்டில் மீன் நுழைவது சுலபம், வெளியே வருவது கஷ்டம் அல்லவா, அதே கதைதான்.

இதில் ஒரு நுணுக்கம். பிளாஸ்டிக்கை இழுத்த நிலையிலேயே பல நாள் வைத்திருந்தால், அது மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். வெயிலில் சூடேறினால் இன்னும் சீக்கிரம் தளரும். அதனால், மாட்டும் அந்த ஒரு நொடி மட்டும் மூடி விரிந்து, மாட்டிய பிறகு இழுவை இல்லாமல் நிம்மதியாக உட்காரும்படி அளவு வைப்பார்கள். எப்போதும் விறைப்பாக இழுத்துக்கொண்டே இருக்கும் மூடி, கடையில் பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும் ஆறு மாதத்தில் ஏமாற்றிவிடும். விளிம்பில் இருக்கும் கிழிபட்டையும் காரணத்தோடு வைத்ததுதான். அதைக் கிழித்தால்தான் திறக்க முடியும் என்பதால், வழியில் யாராவது திறந்து கலப்படம் செய்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆபத்தான சரக்கை ஏற்றிச் செல்லும் டப்பாக்களுக்கு ஐ.நா. பரிந்துரைத்த சோதனைகள் உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகின்றன. சரக்கின் ஆபத்தைப் பொறுத்து 1.8 மீட்டர், 1.2 மீட்டர், 0.8 மீட்டர் என்று உயரம் வைத்து, நிரப்பிய டப்பாவைக் கீழே போடுகிறார்கள். பிளாஸ்டிக் டப்பா என்றால் மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர வைத்துப் போட வேண்டும். குளிரில்தான் பிளாஸ்டிக் நொறுங்கும். டப்பாவின் எந்தப் பகுதி பலவீனமோ அது தரையில் படும்படியும் போட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது மூடி இருக்கும் முனைதான்.

குழந்தைகளுக்கான காவல் தனி. ‘அழுத்தித் திருகு’ மூடி 1967-ல் கனடாவின் விண்ட்சர் நகரில் வந்தது. விஷம் குடித்துவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த ஹென்றி பிரால்ட் என்ற குழந்தைகள் மருத்துவரின் முயற்சி அது. மேல்மூடியை வெறுமனே திருகினால் ‘டக் டக்’ என்று சுற்றுமே தவிர, உள்மூடி அசையாது. அழுத்திக்கொண்டே திருகினால்தான் இரண்டின் பற்களும் கோத்துக்கொள்ளும். சிறு பிள்ளையால் அழுத்த முடியும், திருகவும் முடியும். இரண்டையும் ஒருசேரச் செய்வதுதான் கஷ்டம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட மூடியை மூன்றரை வயது முதல் நாலேகால் வயது வரையுள்ள குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் 80 சதவிகிதக் குழந்தைகளாவது திறக்க முடியாமல் தோற்க வேண்டும். அதே மூடியை 50 முதல் 70 வயது வரையுள்ளவர்களில் 90 சதவிகிதம் பேர் திறந்து, திரும்ப மூடவும் வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் முக்கியமானது. களை பறித்துக் காய்த்துப்போன கைகளால் திறக்க முடியாத மூடியை யாரும் திரும்ப இறுக்கி மூடப்போவதில்லை. பாதி மூடி வைப்பார்கள். அல்லது, மிச்ச மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு மூடியும் இல்லை, லேபிளும் இல்லை. தாகத்தோடு வயலிலிருந்து வருபவருக்கு அது வெறும் பாட்டில்தான்.

காலி டப்பாவும் அதே அளவு ஆபத்தானது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயிலும் உணவிலும் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததைத் தடய அறிவியல் சோதனை காட்டியது. பூச்சி மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை ஊற்றி வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. பல மருந்துகள் கரைப்பான் கலந்தே வருகின்றன. அந்தக் கரைப்பான் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும், ஊறியது முழுவதும் போகாது.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூடிக்குக் கீழே உள்ள வளையம் அறுந்திருந்தாலோ, உள்ளே அலுமினியத்தாள் கிழிந்திருந்தாலோ, டப்பா உப்பியிருந்தாலோ, வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அலுமினியத்தாளைப் பல்லால் கடித்துக் கிழிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு கத்தி முனையால் கிழித்தால் போதும். அந்தக் கத்தி மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

ஊற்றி முடித்ததும் திருகுப் புரியில் வழிந்த மருந்தைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். காய்ந்த மருந்து புரியில் திட்டாக ஒட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஒரு பாட்டில் மூடியை இன்னொன்றுக்கு மாற்றுவதும் வேண்டாம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே இருக்கும் வாஷர் அந்தந்த மருந்துக்கு ஏற்றபடி வேறுபடும். பாட்டிலின் கழுத்தில் விடப்பட்டிருக்கும் காலி இடத்தையும் நிரப்பக் கூடாது. வெயிலில் திரவம் விரியும். இடமில்லாவிட்டால் மூடியைத்தான் தள்ளும்.

மருந்து தீர்ந்ததும் டப்பாவில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு டப்பாவின் அடியில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ கேட்டு வரமாட்டார்கள்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கரைப்பான் கலந்த மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-க்கு அழைத்துவிட்டு, லேபிளோடு இருக்கும் டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அதற்கான சிகிச்சையை மருத்துவர் தாமதமின்றித் தொடங்க முடியும்.