விண்ணிலிருந்து இறங்கும் காற்று: புழுதி விதைப்புக்குத் துப்புக் கிடைக்குமா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் மானாவாரி நெல் பயிரிடும் விவசாயிகள், ஆவணி, புரட்டாசி மாதங்களில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருப்பது வழக்கம். ஒரு தூறலில் முளைத்த பயிர், அடுத்த மழை தள்ளிப்போனால் கருகிவிடும். மறுபடியும் உழவுக்கூலி, விதைச் செலவு. ஆகவே திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர் வட்டாரங்களில் மழை எப்போது என்பதே முதற்கேள்வி. இதை முன்கூட்டி அறிய, வெகு உயரத்திலிருந்து இறங்கும் காற்றையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

பெரிலியம்-7

நமது பகுதியில் தரைக்கு மேல் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் படுகை அடுக்கு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களைத் தாக்கும்போது, பெரிலியம்-7 என்ற கதிரியக்கப் பொருள் இயற்கையாகவே உண்டாகிறது. இதில் சுமார் மூன்றில் இரு பங்கு படுகை அடுக்கில் தோன்றுகிறது. நுண்ணிய தூசியில் ஒட்டிக்கொண்டு, இறங்கும் காற்றுடனும் மழையுடனும் தரையை அடைகிறது. 53 நாட்களில் இதன் அளவு பாதியாகிவிடும். எனவே தரைக்காற்றில் பெரிலியம்-7 மிகுந்திருந்தால், அக்காற்று அண்மையில் மேலிருந்து இறங்கியது என அறியலாம். இதன் அளவு மிகச் சொற்பம் என்பதால் பயிருக்கும் கால்நடைக்கும் தீங்கில்லை.

பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், தேவேந்திர லால் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1950-களிலேயே மழைநீரில் இப்பொருளை அளந்தனர்.

பருவமழைக்கு என்ன தொடர்பு?

நிலநடுக்கோட்டுக்கு அருகே சூடான காற்று மேலெழும்பி மழையாகிறது. அங்கிருந்து நகர்ந்து, சுமார் 30 பாகை அட்சரேகைப் பகுதியில் வறண்ட காற்றாகக் கீழிறங்குகிறது. பருவந்தோறும் இந்தச் சுழற்சி வடக்கும் தெற்குமாக இடம் மாறுகிறது. பருவமழையும் உடன் நகர்கிறது. இறங்கும் காற்றில் பெரிலியம்-7 மிகுதி. ஆகவே பல நாடுகளில் இதை நாள்தோறும் அளந்தால், சுழற்சி எவ்வளவு நகர்ந்துள்ளது என்பது புலப்படும்.

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க நிறுவப்பட்ட உலகளாவிய நிலையங்கள் காற்றை வடிகட்டிக் கதிரியக்கத்தை அளக்கின்றன. அந்த அளவுகளைக் கொண்டு, இந்தியப் பருவமழையின் தொடக்கத்தை இரு மாதங்களுக்கு முன்பே கணிக்கலாம் என 2019-ல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது.

ஆனால் அந்த ஆய்வு கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றியது. இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரம் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. வங்கக்கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகளைப் பொறுத்து அது முந்தவோ பிந்தவோ கூடும். எனவே இக்கணிப்பை நம்பி நமது விதைப்பு நாளை முடிவு செய்யக்கூடாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்புகளைக் கவனித்து விதைப்பைத் திட்டமிட வேண்டும். குறுகிய வயதுடைய, வறட்சி தாங்கும் இரகங்களே ஏற்றவை. 10 கிலோ நெல் விதையை, 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த 10 லிட்டர் தண்ணீரில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். இவ்வாறு கடினப்படுத்திய விதையிலிருந்து வரும் நாற்று, தொடக்க வறட்சியை ஓரளவு தாங்கும். மழை சில நாள் பிந்தினாலும் முதல் விதைப்பைக் காப்பாற்றிக்கொள்ள இது கைகொடுக்கும்.