மணியக்காரர் சத்திரமும் வடசென்னையின் மருத்துவ வளர்ச்சியும்

ஆலம்பரைக் கோட்டையின் சிதைவுகள் நிற்கும் கடப்பாக்கம் முதலாகச் செங்கல்பட்டுப் பகுதியின் ஊர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அடுத்தடுத்துப் போர்களைக் கண்டன. அவற்றுள் 1780-இல் ஐதர் அலி கர்நாடகப் பகுதியின்மீது தொடுத்த படையெடுப்பே உழுகுடிகளைப் பெரிதும் பெயர்த்தது. ஏரிப்பாசனமும் வேளாண்மையும் குலைந்தன. மக்கள் சென்னையை நோக்கி நகர்ந்தனர். நகரத்திலும் உணவில்லை. கடல்வழி வரவேண்டிய அரிசிக்குப் பிரெஞ்சுக் கப்பற்படை இடையூறாக இருந்தது. 1782 அக்டோபர்ப் புயலில் தானியம் ஏற்றிய கலங்களும் அழிந்தன.

இச்சூழலில் 1782-இல், கறுப்பர் நகரத்தின் வடமதிலுக்கு வெளியே கஞ்சி வார்க்கும் அறநிலையமாக மணியக்காரர் சத்திரம் உருப்பெற்றது. ஊர்த்தலைவரைக் குறிக்கும் 'மணியக்காரர்' என்னும் சொல்லே ஆங்கில ஆவணங்களில் 'மணேகார்' எனத் திரிந்தது.

சத்திரம் என்னும் பெயர் இங்குச் சற்றே மயக்கம் தருவது. தமிழகத்துச் சத்திரங்கள் பெரும்பாலும் வழிப்போக்கர்க்கு உரியவை. உண்டு, உறங்கி, மறுநாள் புறப்படுவோரைக் கருதி அமைந்தவை. மணியக்காரர் சத்திரத்திற்கு வந்தோர்க்கோ திரும்பிச் செல்ல ஊரில்லை. பசியால் நலிந்தோர் ஓரிடத்தில் நெடுநாள் தங்கும்பொழுது நோயும் உடன் தங்குகிறது. ஆகவே கஞ்சிக்கு அடுத்து மருந்து தேவைப்பட்டது. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் தொடங்கிய மருத்துவப் பணி இத்தேவையின் விளைவாகவே கொள்ளத்தக்கது. அறநிலையம் மருத்துவமனையாக மாறியதை ஆட்சியாளர் ஒருவரின் திட்டமாக மட்டும் காண்பது பொருந்தாது. அங்கு வந்து சேர்ந்த மக்களின் நிலையே அதனை வற்புறுத்தியது.

மருத்துவமனை பின்னர் அரசின் பொறுப்பில் வந்து, இராயபுரம் மருத்துவமனை எனப்பட்டது. அங்கு வளர்ந்த மருத்துவப் பள்ளி ஆளுநர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938-இல் கல்லூரியாயிற்று. சென்னையின் பழைய பொது மருத்துவமனை கோட்டையில் படைவீரர்க்காகத் தோன்றியது. வடசென்னையின் மருத்துவமனையோ ஏதிலிகளின் கஞ்சிக்கூடத்திலிருந்து தோன்றியது. துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் மிகுந்த பகுதிக்கு அதுவே அண்மை மருத்துவமனையாக அமைந்தது.

ஆளுநரின் பெயர் பெயர்ப்பலகையில் நிலைத்தபோதும், அப்பகுதி மக்கள் வழக்கில் அது நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்கிவந்தது.