மவுஸை விடுங்க, கீபோர்டைப் பிடிங்க!



நம்மில் நிறைய பேர் இப்போது வீடியோ எடிட்டிங் பழகுகிறோம். கல்யாண வீடியோ, குறும்படம், ஆண்டு விழா தொகுப்பு என்று வேலையும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் கையில் மவுஸ் மட்டும்தான்! பிளேடு டூலை எடுப்பது, இடம் பார்த்து வெட்டுவது, வேண்டாத துண்டைப் பிடித்து அழிப்பது, நடுவில் விழுந்த ஓட்டையை இழுத்து அடைப்பது. ஒரு வெட்டுக்கு நாலு வேலை. ஆறு மணி நேரக் கல்யாணத்துக்கு எத்தனை வெட்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

நான் சனி, ஞாயிறுகளில் ஒரு வீடியோ கடைக்குப் போகிறேன். ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு என்று கூலி, மணிக்கணக்கெல்லாம் கிடையாது. சீக்கிரம் முடித்தால்தான் செமஸ்டர் பீஸுக்குக் காசு மிஞ்சும். கீபோர்டைப் பிடித்தது அதற்காகத்தான். ஆனால் வேகத்தை விடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஜே, கே, எல். டேப்பில் எடிட் செய்த காலத்தில் ஒரு வட்டத் திருகைத் திருப்பி டேப்பை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். அந்த வேலையைத்தான் இந்த மூன்று கீகளும் செய்கின்றன. எல் முன்னே ஓட்டும், ஜே பின்னே, கே நிறுத்தும். எல்லை இரண்டு தடவை தட்டினால் இரட்டை வேகம். மேடையில் வரிசையாகப் பரிசு கொடுக்கும் நாற்பது நிமிஷத்தை இருபதே நிமிஷத்தில் பார்த்துவிடலாம், பேச்சும் காதில் விழும். கேயை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். பிரீமியர், ரிசால்வ், அவிட், பைனல் கட் எதற்குப் போனாலும் இந்த மூன்றும் மாறாது.

அடுத்தது வெட்டு. பிரீமியரில் கன்ட்ரோலும் கேயும் சேர்த்து அழுத்தினால் கோடு நிற்கும் இடத்தில் வெட்டு விழும். ஆனால் உண்மையான சுகம் க்யூவிலும் டபிள்யூவிலும்தான்! க்யூ தட்டினால் முந்தைய வெட்டிலிருந்து கோடு வரை உள்ளது போய்விடும். டபிள்யூ தட்டினால் கோட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை உள்ளது போகும். இரண்டிலும் ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும். நாலு வேலை ஒரே தட்டில் முடிந்தது.

இப்போ அந்தப் பெரிய லாபம். மவுஸ் பிடித்தவன் டைம்லைனில் உள்ள பட்டைகளைப் பார்த்து வெட்டுகிறான். கீபோர்டில் கை இருப்பவன் படத்தைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு வெட்டுகிறான். கெட்டிமேளம் எழும்பும் அந்தக் கணத்தில் விரல் தானாகத் தட்டும், தாளம் போடுகிற மாதிரி. ஒன்றிரண்டு பிரேம் தள்ளிப்போனால் அம்புக்குறி கீயால் சரி செய்துகொள்ளலாம். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லி செகண்டுதான். ஆனால் தாலி கட்டும் இடத்தில் மேளம் அஞ்சு பிரேம் பிந்தினால் பெண் வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும்!

இங்கே ஒரு எச்சரிக்கை. மேள ஆடியோவைத் தனி டிராக்கில் வைத்துப் பூட்டிவிட்டு க்யூ, டபிள்யூ தட்டினால் படம் மட்டும் நகரும், மேளம் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் வாயசைவு ஒருபக்கம், சத்தம் ஒருபக்கம். எந்த டிராக் பூட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகே விரலை வையுங்க.

ரிசால்வில் வெட்டுக்கு கன்ட்ரோலும் பியும். அங்கே பேக்ஸ்பேஸ் தட்டினால் துண்டு போய் ஓட்டை நிற்கும். டெலிட் தட்டினால் ஓட்டையும் மூடும். பிரீமியர் பழகிய கைக்கு இது குழப்பமாக இருந்தால் ரிசால்வின் கீபோர்டு அமைப்பிலேயே பிரீமியர் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இலவசப் பதிப்பே நமக்குத் தாராளம்.

"கீ வேலையே செய்யலையே" என்று லேபில் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டுதான். டைம்லைன் அல்லாத வேறு பெட்டியைக் கிளிக் செய்திருப்பார்கள். பிரீமியரில் ஷிப்டும் 3ம் அழுத்தினால் டைம்லைனுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் மணமக்கள் பெயரைத் தமிழில் தட்டிவிட்டு, கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றாமல் விட்டிருப்பார்கள்.