ஜுரம் விட்ட பிறகு லீவு போடுங்க சார்!

குழந்தைக்கு ஜுரம். மூணு நாள் ஆபீஸுக்கு லீவு. நாலாம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. 'அப்பாடா!' என்று டிபன் பாக்ஸோடு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறீர்கள்.

கொஞ்சம் நில்லுங்க. டெங்குவாக இருந்தால், லீவு போட வேண்டிய நாளே அதுதான்! 'மகனுக்கு ஜுரம் விட்டுவிட்டதால் லீவு தேவை' என்று எழுதினால் மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டும்.

டெங்குவில் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும். அப்போதுதான் சில குழந்தைகளுக்கு ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்திலுள்ள நீர் வெளியேறி நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். மிஞ்சும் ரத்தம், அடுப்பில் மறந்துபோன சாம்பார் மாதிரி கெட்டியாகும். பிரஷர் இறங்கும். இந்தக் கண்டம் 24 முதல் 48 மணி நேரம். தாண்டிவிட்டால் பையன் பரோட்டா கேட்பான்.

யாருக்கு முற்றும் என்று முதல் நாளே சொல்ல முடியுமா? முடியாது. டெஸ்டில் 'பாஸிட்டிவ்' வந்தால் டெங்கு என்று தெரியும், அவ்வளவுதான். வைரஸில் நாலு வகை. முன்பு ஒன்று வந்துபோன குழந்தைக்கு இப்போது வேறொன்று வந்தால் ஆபத்து அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட எச்சரிக்கை அடையாளங்களில் பல, அம்மாக்கள் கண்ணாலேயே பார்க்கக்கூடியவை. விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை துவண்டு கிடப்பது, இல்லாவிட்டால் நிலைகொள்ளாமல் தவிப்பது. கை கால் சில்லிட்டு, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம்ம ஆட்களோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி 'பிளேட்லெட் எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். அதே ரிப்போர்ட்டில் 'ஹெமடோக்ரிட்' என்று ஒரு வரி இருக்கும். சில லேபில் 'பி.சி.வி.' என்று போடுவார்கள். சாம்பார் கெட்டியாவதைக் காட்டுவது அதுதான். 36 இருந்தது 43, 44 என்று ஏறி, பிளேட்லெட் மளமளவென்று இறங்கினால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்து, 65 பேர் இறந்த ஆண்டு 2017. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததும் அதே ஆண்டுதான். ராத்திரியில் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓடுவதற்கு முன் அங்கே காட்டலாம்.

வானம் பார்த்த பூமி நம்முடையது. குடம், டிரம், தொட்டி என்று தண்ணீர் பிடித்து வைக்காமல் முடியாது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு முட்டை போடுவதும் அந்த நல்ல தண்ணீரில்தான். மூடி வையுங்கள். ஜுரத்துக்குப் பாரசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புரூஃபென் வகையறா கூடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும்.