புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய்க்கு ஆகும் செலவு: 77 நாள் கணக்கு

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவரின் கணக்கு இப்படித் தொடங்கும்: ஒரு நாளைக்கு 2 கிரே (கதிரின் அளவு), வாரத்துக்கு 5 நாள், 7 வாரம். மொத்தம் 35 அமர்வு, 70 கிரே. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் 30 அமர்வு, 60 கிரே. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் அமர்வுக்குப் பெயர் ‘கரண்ட்’. “இன்னும் எத்தனை கரண்ட் பாக்கி?” என்றுதான் அங்கே காத்திருக்கும் குடும்பங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்.

மதிப்பீட்டுத் தாளில் எந்திரத்துக்கு ஒரு வரி, ஸ்கேனுக்கு ஒரு வரி, மருந்துக்கு ஒரு வரி இருக்கும். அத்தனை நாளும் கதிரைத் தாங்கப்போகும் வாய்க்குப் பல நேரம் ஒரு வரிகூட இருக்காது. அந்த வரியை இங்கே எழுதிப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கணக்குக்காகத் தோராய விலைகளைப் போட்டிருக்கிறேன். நாள்களும் அளவுகளும் மருத்துவ நடைமுறையிலிருந்து எடுத்தவை.

எத்தனை பேரின் கணக்கு இது?

2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 14.1 லட்சம் பேர். அதில் உதடு, வாய்ப் புற்றுநோய் மட்டும் சுமார் 1.43 லட்சம். அதே ஆண்டில் அதே நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். உலகம் முழுவதும் வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 3.89 லட்சம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம் நாட்டில். 2016–17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 100-க்கு 21 பேர் மெல்லும் வகைப் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. இந்த எண்ணிக்கைக்கு அதுவே பெரிய காரணம்.

வாய்ப்புண் வருபவர்களின் எண்ணிக்கை இன்னும் பெரியது. வழக்கமான கீமோ எடுப்பவர்களில் 100-க்கு 20 முதல் 40 பேருக்கு வரும். அதிக அளவு கீமோவுடன் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெறுபவர்களில் 80 பேர் வரை. வாயில் முழு அளவு கதிர் படுகிறவர்களில் தப்புபவர்கள் அரிது.

35 அமர்வும் 77 நாளும்

முதல் வாரத்தில் எச்சில் குறையத் தொடங்கும். இரண்டாம் வார இறுதியில், ஏறத்தாழ 20 கிரே சேரும்போது, வாயின் உட்தோல் சிவக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து புண். அப்போது தட்டுச் சோறு கஞ்சியாகும், கஞ்சி வெறும் தண்ணீராகும். கடைசி அமர்வு முடிந்த பிறகும் புண் ஆற 2 முதல் 4 வாரம் பிடிக்கும். கூடவே கீமோவும் எடுத்திருந்தால் இன்னும் நீளும்.

ஆகவே 7 வாரம் சிகிச்சை, 4 வாரம் ஆறும் காலம்: 49 + 28 = 77 நாள். செலவை இந்த 77 நாளுக்குப் போட வேண்டும்.

கொப்பளிப்புக் கணக்கு

கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், உப்பு 1 தேக்கரண்டி, ஆப்ப சோடா 1 தேக்கரண்டி. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பினால் ஒரு நாளில் அந்த லிட்டர் தீர்ந்துவிடும். இது புண்ணைத் தடுக்கும் மருந்தாகாது. ஆனால் கெட்டிப்பட்ட கோழையைக் கரைக்கும், அமிலத்தைத் தணிக்கும், வாயைச் சுத்தமாக வைக்கும்.

- உப்பு: 6 கிராம் × 77 = 462 கிராம். 1 கிலோ பாக்கெட் ஒன்று, 30 ரூபாய்.
- ஆப்ப சோடா: 5 கிராம் × 77 = 385 கிராம். 100 கிராம் பாக்கெட் நான்கு, 30 ரூபாய் வீதம் 120 ரூபாய்.
- மிக மென்மையான பிரஷ்: மாதம் ஒன்றாக மூன்று, 40 ரூபாய் வீதம் 120 ரூபாய்.
- ஃபுளூரைடு பேஸ்ட்: 100 கிராம் இரண்டு, 70 ரூபாய் வீதம் 140 ரூபாய்.

கூட்டினால் 410 ரூபாய். நாளொன்றுக்கு 5 ரூபாய் 32 காசு. மருத்துவமனை வாசலில் குடிக்கும் ஒரு டீயின் விலையில் பாதிகூட இல்லை.

பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் சிகிச்சைக் காலத்தில் முடிந்தவரை கழற்றி வைப்பது நல்லது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். பல் மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் குளோர்ஹெக்சிடின், கதிர்வீச்சுப் புண்ணைத் தடுக்கப் பயன்படாது என்பது 2020-இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலின் முடிவு. அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம்.

மருந்துக்கடைக் கணக்கு

அதே வழிகாட்டுதல் பென்சிடமைன் கொப்பளிப்பு மருந்தை ஏற்கிறது. 50 கிரேக்குக் குறைவான கதிர் எடுப்பவர்களுக்கு உறுதியாகவும், கீமோவும் கதிரும் சேர்ந்து எடுப்பவர்களுக்கு ஓரளவுக்கும் பரிந்துரைக்கிறது. ஒரு முறைக்கு 15 மில்லி, தினம் 4 முறை. சிகிச்சை நாள்களும் பிறகு 2 வாரமும் சேர்த்து 63 நாள்: 60 × 63 = 3,780 மில்லி. 120 மில்லி பாட்டிலாக வாங்கினால் 32 பாட்டில். பாட்டில் 150 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். முதல் நாளே இந்தத் தொகை தெரிந்தால் குடும்பம் திட்டமிடும். தெரியாதவர்கள் இரண்டாம் பாட்டிலோடு நிறுத்திவிடுவார்கள்.

குறைந்த திறன் லேசர் ஒளியை வாயில் காட்டும் சிகிச்சையையும் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. கர்நாடகத்தின் மணிப்பாலில் 221 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதற்கான சான்றுகளில் ஒன்று. பிரேசிலில் 94 பேரிடம் நடந்த ஆய்வில், கடுமையான புண் வந்தவர்கள் ஒளி பெறாத பிரிவில் 100-க்கு ஏறத்தாழ 40 பேர், பெற்ற பிரிவில் 6 பேர். எந்திரத்தை மருத்துவமனை ஒருமுறை வாங்கினால் போதும். பிறகு தேவைப்படுவது தினசரி சில நிமிடமும் பழகிய கையும்.

விலையே இல்லாத மருந்தும் உண்டு: ஐஸ் கட்டி. 5-ஃபுளூரோயுராசில் மருந்தை ஒரே தடவையில் ஊசியாகப் போடும்போது 30 நிமிடம் வாயில் ஐஸை அடக்கிக்கொண்டால், உட்தோலுக்கு ரத்தம் குறைவாகப் போகும், மருந்தும் குறைவாகச் சேரும். ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த சிகிச்சையில் குளிர்ச்சியே நரம்பை வதைக்கும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

வலிக்கு மார்ஃபின் தேவைப்பட்டால் தயங்கக் கூடாது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தம், மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்குவதற்காகவே செய்யப்பட்டது. வலி அடங்கினால்தான் விழுங்க முடியும்.

சாப்பாட்டுக் கணக்கு

50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,500 கலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும். மெல்லத் தேவையில்லாமல், மசித்தோ மிக்சியில் அடித்தோ குடிக்கும்படி ஒரு பட்டியல்:

- பால் 1 லிட்டர்: 620 கலோரி, 32 கிராம் புரதம், 50 ரூபாய்.
- வேகவைத்த முட்டை 4: 290 கலோரி, 24 கிராம் புரதம், 28 ரூபாய்.
- கேழ்வரகு மாவு 100 கிராம்: 320 கலோரி, 7 கிராம் புரதம், 6 ரூபாய்.
- எண்ணெய் 2 மேசைக்கரண்டி: 270 கலோரி, 6 ரூபாய்.

மொத்தம் 1,500 கலோரி, 63 கிராம் புரதம், 90 ரூபாய். 77 நாளுக்கு 6,930 ரூபாய். காரம், புளி, சூடு மூன்றையும் தள்ளிவைக்க வேண்டும். இதையும் விழுங்க முடியாத நாளில் மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்டு இதே கஞ்சியை வடிகட்டிக் கொடுக்கலாம். டியூப் போட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டார் அஞ்சுகிறார்கள். சிகிச்சையை முடிக்கத் தேவையான பலத்தைத் தருவது அந்த டியூப்தான். எடை வேகமாகக் குறைந்தால், கதிரின்போது அணிய முகத்துக்கு அளவெடுத்துச் செய்த மாஸ்க் தொளதொளத்துப் போகும். மாஸ்க் நகர்ந்தால் கதிரின் குறியும் நகரும்.

தவறிய நாளின் விலை

தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சைக் காலம் திட்டமிட்டதைவிட ஒரு நாள் நீண்டால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. இடைவெளியில் புற்றுச் செல்கள் மறுபடி பெருகுவதே காரணம். வாய்ப்புண் தாங்காமல் ஒருவர் 5 நாள் வராமல் இருந்தால் 5 முதல் 7.5 சதவீதம் போகிறது. அந்த இழப்பைத் தடுக்க முதலில் வேண்டியது மேலே எழுதிய 410 ரூபாயும் அதைத் தினமும் செய்யவைக்கும் ஒரு நர்ஸும்.

புண்ணின் விலையைப் பணமாகவும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்ற 92 பேரைப் பற்றி 2001-இல் வெளியான ஆய்வு, வாய்ப்புண்ணுக்கு மதிப்பெண் போட்டது. மதிப்பெண் 1 கூடினால் காய்ச்சல் ஒரு நாள் கூடியது. ரத்தக்குழாய் வழி உணவு 2.7 நாளும் வலிநிவாரணி ஊசி 2.6 நாளும் கூடின. தீவிரத் தொற்றின் அபாயம் 2.1 மடங்கானது. மருத்துவமனைக் கட்டணம் 25,405 டாலர் ஏறியது. 100 நாளுக்குள் இறக்கும் அபாயம் 3.9 மடங்கு.

பல்லுக்கு 14 நாள்

60 கிரேக்கு மேல் கதிர் பட்ட தாடை எலும்பில், குறிப்பாகக் கீழ்த்தாடையில், ரத்த ஓட்டம் குன்றிவிடும். அங்கே பிறகு பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே அழுகலாம். கதிருக்குப் பின் பல் பிடுங்கியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 7 பேருக்கு இது வந்ததாக முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று கண்டது. இதைத் தடுக்க உயரழுத்த ஆக்சிஜன் அறையில் 30 அமர்வு உட்காரவைக்கும் வழக்கமும் இருந்தது. 144 பேரைச் சேர்த்த பிரிட்டன் ஆய்வு 2019-இல் வெளியிட்ட முடிவு: ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 5.7 சதவீதம். பலன் இல்லை.

பலன் தருவது முன்கூட்டியே பார்ப்பது. பிழைக்காத பல்லைக் கதிர் தொடங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பு எடுத்துவிட வேண்டும். நோய் உறுதியானதிலிருந்து முதல் கரண்ட் வரை ஸ்கேன், மாஸ்க், திட்டம் என்று எப்படியும் நாள் ஓடும். அந்த நாள்களுக்குள்ளேயே தாடை எக்ஸ்ரே, கிளீனிங், சொத்தை அடைப்பு, பல் எடுப்பு எல்லாம் முடிந்தால், புற்றுநோய்ச் சிகிச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது.

எச்சிலும் வாய் திறப்பும்

நலமான ஒருவருக்கு ஒரு நாளில் அரை முதல் ஒன்றரை லிட்டர் எச்சில் சுரக்கும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மில்லி. அது 0.1-க்குக் கீழே போனால் பேச்சு ஒட்டும், சோறு தொண்டையில் நிற்கும், பல் சில மாதத்தில் கழுத்தோரம் சொத்தையாகும். எனவே கதிர் முடிந்த பிறகும் ஃபுளூரைடு ஜெல் வாழ்நாள் முழுவதும் தேவைப்படலாம்.

இங்கே எந்திரத்தின் தரமும் கணக்கில் வரும். பிரிட்டனில் 94 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் கணிசமான வாய் வறட்சி, பழைய முறையில் 74 சதவீதம். எச்சில் சுரப்பியை ஒதுக்கிக் கதிர் பாய்ச்சும் ஐஎம்ஆர்டி முறையில் 38 சதவீதம்.

வாய் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் அது தாடை இறுக்கம். பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி உண்டு. இங்கிலாந்தில் 71 பேரிடம் சோதித்தபோது, அடுக்கிய மரக்குச்சிகளைவிட அது மேலாக இல்லை.

கீமோவும் எலும்பு ஊசியும்

கீமோவுக்கு நடுவே ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 1,000-க்குக் கீழேயோ தட்டணு 50,000-க்குக் கீழேயோ இருந்தால் பல் பிடுங்கும் நேரமல்ல. மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்குப் போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியும் தாடை எலும்பைச் சிதைக்கக்கூடும். 1,822 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களில் 2 சதவீதத்துக்கும், 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களில் 1 சதவீதத்துக்கும் இது வந்தது. எலும்பு முறிவு போன்ற சிக்கல்களைத் தடுப்பதில் இரண்டும் சமம். ஆண்டுக்கு 13 ஊசி 4 ஆகிறது. எந்த இடைவெளியானாலும் முதல் ஊசிக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

மொத்தம்

- வாய்ச் சுத்தம்: 410 ரூபாய்
- பென்சிடமைன்: 4,800 ரூபாய்
- மென்மையான உணவு: 6,930 ரூபாய்
- கூட்டுத்தொகை: 12,140 ரூபாய், நாளொன்றுக்கு ஏறத்தாழ 158 ரூபாய்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அந்த 5 லட்சத்தில் 12,140 என்பது 2.4 சதவீதம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆளும் இடமும் இருக்கையில், மாஸ்க் செய்யத் தேதி குறிக்கும் அன்றே பல் பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதுவதை எல்லாப் புற்றுநோய் மையங்களும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நோயாளியின் வீட்டார் மூன்று கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்: பல்லை யார், எப்போது பார்ப்பார்கள்? வாய்ப்புண் வந்தால் யாரிடம் போக வேண்டும்? விழுங்க முடியாவிட்டால் என்ன ஏற்பாடு? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு முதல் கரண்டுக்குப் போகட்டும்.