கோழி எருவுக்கும் ஒரு கணக்கு

நாமக்கல்லுக்கு முட்டையால் பெயர். எருவை யாரும் பேசுவதில்லை. முட்டைக்கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். லட்சம் கோழி இருந்தால் தினமும் 10 டன். கூண்டுக்கு அடியில் குவியும் இதை லோடு கணக்கில் வாங்கி மக்காச்சோளக் காட்டில் அடிக்கிறார்கள்.

எச்சத்தை உற்றுப் பாருங்கள். கரும்பச்சைக் குழைவின் மேல் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாக இருக்கும். அதுதான் யூரிக் அமிலம்; கோழி தழைச்சத்தை (நைட்ரஜனை) வெளியேற்றும் வடிவம். மாடு தழைச்சத்தில் பெரும்பங்கை மூத்திரத்தில் யூரியாவாக விடுகிறது. கொட்டகையில் மூத்திரம் ஓடிப்போக, குப்பைமேட்டுக்கு வருவது சாணம்தான். தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தோடு நிற்பதற்கு அது ஒரு காரணம். கோழிக்கு மூத்திரம் தனியாகக் கிடையாது; எல்லாம் எச்சத்தோடே விழுவதால் காய்ந்த எருவில் சுமார் 3 சதவீதம் இருக்கும். காட்டில் ஆட்டுப்பட்டி போட்டவர்கள் விவரமானவர்கள்: புழுக்கையோடு மூத்திரமும் அந்த மண்ணிலேயே இறங்கிவிடுகிறது.

ஈர மண்ணில் நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தை யூரியாவாக்கி, அதை அமோனியாவாக்கி, கடைசியில் நைட்ரேட்டாக்குகின்றன. வேர் அதை உடனே உறிஞ்சும். தொழுவுரம் வருஷக்கணக்கில் மெல்லக் கொடுப்பதைக் கோழி எரு சில வாரங்களில் கொடுக்கத் தொடங்கிவிடும். பாதி எரு, பாதி உரம் என்றே இதைச் சொல்வேன்.

பண்ணைப் பக்கம் போனால் மூக்கில் ஏறும் நெடி அமோனியாதான். காசு கொடுத்து வாங்கும் சத்து காற்றில் போகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் இந்த இழப்பு இன்னும் கூடும். அதனால் எருவைப் பரப்பிய அன்றே உழுதுவிட வேண்டும். பச்சையாகப் போட்டு உடனே விதைத்தால் முளை கருகும். தென்னை நார்க்கழிவோடு மக்க வைத்தால் சூடும் தணியும், அமோனியாவும் தங்கும்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 250 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100. குறைந்தால் அடியிலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியே ஆப்பு வடிவில் மஞ்சளாகும், கதிரும் சிறுக்கும். 2 டன் காய்ந்த எருவில் 60 கிலோ தழைச்சத்து. அதில் பாதி இந்தப் பயிருக்குக் கிடைத்தாலே ஒன்றரை மூட்டை யூரியாவைக் குறைக்கலாம். எருவையும் போட்டு யூரியாவையும் முழுசாகப் போட்டால் பயிர் தழைத்துச் சாயும். மிஞ்சும் நைட்ரேட் கிணற்றில் இறங்கும்.

கோவையில் 1909 முதல் நடக்கும் நிரந்தர உரப் பரிசோதனையும் தொழுவுரத்தோடு ரசாயன உரத்தை அளவாகச் சேர்ப்பதன் பக்கமே நிற்கிறது.

இங்கே இன்னொரு சங்கடம். தீவன மக்காச்சோளத்தில் நிறைய கர்நாடகத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறது. அந்த மண்ணின் சத்து பண்ணைகளைச் சுற்றியே குவிகிறது. பச்சை எருவில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் தொலைவில் மானாவாரிச் சோளம் விதைக்கிறவருக்கு லாரி வாடகை கட்டாது. கொட்டகையிலேயே சீக்கிரம் உலர்த்தினால் எடையும் குறையும், ஈரமில்லாமல் நுண்ணுயிர்கள் ஓய்வதால் யூரிக் அமிலமும் கலையாமல் போய்ச் சேரும்.