அஞ்சலியா, விளம்பரமா?

மே மாதம் வந்தால், 2009இல் முடிந்த போரில் உயிர்நீத்த படைவீரர்களுக்குச் சில நிறுவனங்கள் பத்திரிகையில் அஞ்சலி வெளியிடும். அருகிலேயே அவற்றின் இலச்சினையும் இருக்கும். இது மனமார்ந்த மரியாதையா, வெறும் விளம்பரமா? உடப்புசல்லாவையில் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுவதுண்டு.

நிய்யத்தை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் பணம் யாரைச் சேர்கிறது என்று நாமும் கேட்கலாம்.

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதிதல்ல. பிரித்தானியர் ஆட்சியில், முதலாம் உலகப் போரில் இறந்தோர் நினைவாக நவம்பர் 11ஆம் திகதி இங்கு பொப்பி மலர் விற்கப்பட்டது. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய வீரர்களுக்கே சென்றது. அதனால் 1931இல் முன்னாள் படைவீரர் ஏலியன் பெரேரா, இலங்கை வீரர்களுக்கு உதவவென்று சூரியமல், அதாவது பூவரசம்பூ விற்பனையைத் தொடங்கினார்.

நிறுவனம் ஒன்றின் உதாரணம் இந்தியாவில் உண்டு. 2019 பெப்ரவரி 14ஆம் திகதி புல்வாமாவில் நடந்த குண்டுத் தாக்குதலில் மத்திய ரிசர்வ் பொலிஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 23 பேர் பெற்றிருந்த கடன்களை பாரத ஸ்டேட் வங்கி தள்ளுபடி செய்தது. வங்கி அதைப் பகிரங்கமாகவே அறிவித்தது. அதனால் அதற்கு நற்பெயரும் கிடைத்தது. ஆயினும் அந்தக் குடும்பங்களின் சுமை குறைந்தது.

ஆகவே, அறிவிப்பதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையின் படிப்புக்கோ தாயின் மருந்துக்கோ எதுவும் போய்ச் சேராமல், இலச்சினை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அது விளம்பரமே. அத்தகைய பக்கத்தைப் பார்க்கும்போது, "இதனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்போம்.